மீதியை எங்கே எழுதினீங்க, தம்பி?

(சென்ற ஆண்டு முன்னாள் மாணவர் கூடலின் காலை அமர்வில், முதலாண்டு மாணவர்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் போன் செய்தபோது, "கம்ப்யூட்டர் துறையின் எதிர்காலம் பற்றி அரை மணி நேரம் பேசுங்க" என்றார். எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதில் ஒரு சௌகரியம் உண்டு. சொன்னது தப்பென்று யாரும் அங்கேயே எழுந்து நின்று நிரூபிக்க முடியாது. நானும் நாலு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் காலையில் பழைய ஞாபகத்தில் லேப் பக்கம் போனேன். அங்கே ஒரு மாணவி மூன்று பாட மதிப்பெண்ணுக்குச் சராசரி காணும் ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருந்தார். 70, 71, 73. மொத்தம் 214. மூன்றால் வகுத்தால் 71.33 வரவேண்டும். திரையில் 71.00 என்று வந்து நின்றது. "சார், இந்த கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதே வரியை, அதே தப்போடு, 2007-ஆம் ஆண்டு நானும் எழுதியிருக்கிறேன். அதனால் ஒரு நல்ல மனிதர் மேல் திருட்டுப் பழி விழ இருந்தது. ஆகவே எழுதி வந்த நாலு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். எதிர்காலத்தை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நான் அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிறேன்.

எங்கள் காலத்தில் விடுதி மெஸ் 'டிவைடிங் சிஸ்டம்'. ஒரு மாதம் மெஸ்ஸுக்கு ஆன மொத்தச் செலவைக் கூட்டி, அந்த மாதம் எல்லா மாணவர்களும் சாப்பிட்ட நாட்களையும் கூட்டி, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு நாளுக்கான ரேட் கிடைக்கும். அவரவர் சாப்பிட்ட நாளை அந்த ரேட்டால் பெருக்கினால் அவரவர் பில். இந்தக் கணக்கை வருஷக்கணக்காக நீள நோட்டில் பேனாவால் போட்டுவந்தவர் மெஸ் கணக்கர். அவரைக் 'கணக்கண்ணன்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அந்தக் காலத்து விடுதிக்காரர்களுக்கு யாரென்று தெரியும்.

நான் அப்போது இரண்டாம் ஆண்டு. சி மொழி படித்த புது ஜோர். "இவ்வளவு கணக்கையும் கையால் போடுவதா? நான் ஒரு ப்ரோக்ராம் எழுதித் தருகிறேன்" என்று மெஸ் கமிட்டியில் வீரம் பேசினேன். லேபில் டர்போ சி. நீலத் திரை, மஞ்சள் எழுத்து. இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

ஜூலை மாதக் கணக்கை முதலில் போட்டேன். தினமும் பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய் செலவு. கூட்டினால் மொத்தச் செலவு 20,140 ரூபாய் என்றது. இரண்டு நாள் செலவுக்கே இது பத்தாது. பார்த்தவுடன் தப்பென்று தெரிந்துவிட்டது. சீனியர் ஒருவர் எட்டிப் பார்த்து, "டேய், இன்ட் தாங்காது, லாங் போடு" என்றார். டர்போ சியில் இன்ட் என்பது 16 பிட். அதில் வைக்கக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. அதைத் தாண்டினால் பழைய ஸ்கூட்டர் கிலோமீட்டர் மீட்டர் 99,999-க்கு அப்புறம் முதலிலிருந்து சுற்றுகிற மாதிரி சுற்றும். ஒரு முழுச் சுற்றுக்கு 65,536. உண்மையான மொத்தம் 3,47,820 ரூபாய். அதிலிருந்து ஐந்து சுற்றைக் கழித்துப் பாருங்கள், சரியாக 20,140 வரும். லாங் என்று மாற்றினேன். 3,47,820 வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த வரி, ரேட் = டோட்டல் / டேஸ். ஜூலையில் எல்லோரும் சாப்பிட்ட நாட்கள் சேர்ந்து 5,964. ரேட் என்பதை ஃப்ளோட் என்று அறிவித்திருந்தேன். காசு வரவேண்டுமே! இரண்டு தசம இடத்தோடு அச்சிடச் சொல்லியிருந்தேன். 58.00 என்று வந்தது. போன வருஷ ரேட்டும் ஐம்பத்தைந்துக்குப் பக்கம்தான். அதனால் சந்தேகமே வரவில்லை. அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருந்த இரண்டு பூஜ்யத்தைப் பார்த்து, "ஆகா, காசு சுத்தமாக் கணக்கு முடிந்துவிட்டது" என்று நினைத்தேன். உங்களில் யாராவது அந்த இரண்டு பூஜ்யத்தைச் சந்தேகப்பட்டிருப்பீர்களா? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று மூன்று மாதம் ஓடியது. அக்டோபரில் மளிகைக் கடைக்கும் பால்காரருக்கும் கொடுக்கப் பணம் போதவில்லை. மாணவர்கள் பாக்கியில்லாமல் கட்டியிருக்கிறார்கள். செலவுக்கு ரசீது இருக்கிறது. ஆனாலும் 8,428 ரூபாய் குறைகிறது. கமிட்டி கூடியது. வார்டன் சார், "பில் கணக்கில் தப்பு இருக்குமா?" என்று என்னைக் கேட்டார். நான் எழுந்து நின்று, "இல்லை சார், ப்ரோக்ராமை டெஸ்ட் பண்ணிட்டேன், கம்ப்யூட்டர் கணக்கு தப்பாது" என்றேன்.

கம்ப்யூட்டர் கணக்கு தப்பாது என்றால், அப்புறம் யார் தப்பியிருக்க முடியும்? பணத்தை வாங்கி எண்ணி வைத்தவர் ஒருத்தர்தானே. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை; எல்லாருடைய பார்வையும் அந்தப் பக்கம் போயிற்று. எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். விளக்கம் திருப்தியில்லையென்றால் சம்பளத்தில் பிடித்தம். அவருக்கு அந்த 8,428 ரூபாய் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேலே.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்குக் கணக்கண்ணன் என் அறைக்கு வந்தார். கையில் அந்த நீள நோட்டு. கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, நாலாம் வகுப்பில் போடுவோமே, அந்த மாதிரி நெடும் வகுத்தல் போட்டார். 3,47,820-ஐ 5,964-ஆல் வகுத்தார். "ஈவு 58, மீதி 1,908. இது வரைக்கும் நீங்க போட்டதும் நான் போட்டதும் ஒண்ணுதான். இந்த மீதியை எங்கே எழுதினீங்க, தம்பி?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆகஸ்ட் மாதக் கணக்கைப் போட்டார். 3,31,450 ரூபாய், 5,730 நாள். ஈவு 57, மீதி 4,840. செப்டம்பர், 3,52,116 ரூபாய், 6,042 நாள். ஈவு 58, மீதி 1,680. மூன்று மீதியையும் கூட்டினார். 8,428. பெட்டியில் குறைந்த பணம் ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல் அங்கே நின்றது. "நான் பேனாவால போடுறப்ப 58 ரூபாய் 32 காசுன்னு ஏத்திப் போடுவேன். 48 காசு மிச்சம் விழும். அதை அடுத்த மாசம் வரவு வச்சுக்குவேன்" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

இப்போது அந்த வரிக்கு வருவோம். சி மொழியில் இரண்டு முழு எண்களுக்கு நடுவே வகுத்தல் குறி போட்டால் அது தருவது ஈவு மட்டும். மீதி வேண்டுமென்றால் சதவீதக் குறி போட்டுத் தனியாகக் கேட்க வேண்டும். நீங்கள் கேட்காவிட்டால் அது கொடுக்காது, கொடுக்கவில்லை என்று சொல்லவும் செய்யாது. நாலாம் வகுப்பில் நாம் படித்ததும் இதேதான். தசமம் பிற்பாடுதான் வந்தது. நமக்கு அது பழகிப்போய், வகுத்தல் என்றாலே புள்ளி வைத்த விடை வரும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

"ஆனால் நான் ரேட்டை ஃப்ளோட் என்று அறிவித்தேனே?" என்று கேட்பீர்கள். காலையில் அந்த மாணவியும் அதைத்தான் கேட்டார். இங்கேதான் கவனம் வேண்டும். வகுக்கும்போது சி மொழி குறியின் இரண்டு பக்கமும் யார் நிற்கிறார்கள் என்று மட்டும் பார்க்கும். விடை எங்கே போகப்போகிறது என்று பார்க்காது. டோட்டல் முழு எண், டேஸ் முழு எண். ஆகவே 58. அதற்குப் பிறகுதான் அந்த 58, ஃப்ளோட்டுக்குள் போய் 58.00 என்று வேஷம் போடுகிறது. படியில் அளக்கும்போதே தரையில் சிந்திய நெல்லை, அண்டா எவ்வளவு பெரிசாக இருந்தாலும் பிடிக்க முடியுமா?

இதே குணம் பெருக்கலிலும் உண்டு. டர்போ சியில் 200-ஐ 300-ஆல் பெருக்கி ஒரு லாங்கில் போட்டுப் பாருங்கள். 60,000 வராது, மைனஸ் 5,536 வரும். லாங்குக்கு இடம் தாராளம்தான். ஆனால் பெருக்கியவர்கள் இருவரும் இன்ட். இன்றைய கம்பைலர்களில் இன்ட் பெரும்பாலும் 32 பிட். சுமார் 214 கோடி வரை தாங்கும். அதனால் அங்கே 12 ஃபேக்டோரியல் சரியாக வரும், 13 உதைக்கும். எங்கள் காலத்தில் 8 ஃபேக்டோரியலே மைனஸ் 25,216 என்று வந்து எங்களை மிரட்டியது.

இதற்கு மருந்து எளிது. வகுக்கும் முன்பே இருவரில் ஒருவரைத் தசம எண்ணாக மாற்றிவிட வேண்டும். டோட்டலுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் டபுள் என்று எழுதினால் போதும். ஆனால் டோட்டல் / டேஸ் இரண்டையும் சேர்த்து அடைப்புக்குள் போட்டு, அதற்கு வெளியே டபுள் என்று எழுதினால் பயனில்லை. உள்ளே வகுத்து முடிந்த பிறகு மாற்றி என்ன செய்வது?

பிரையன் கெர்னிகனும், சி மொழியைப் படைத்த டென்னிஸ் ரிட்சியும் எழுதிய புத்தகத்தின் 1988-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பின் ஆரம்பத்திலேயே ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸாக மாற்றும் ப்ரோக்ராம் வருகிறது. அதில் முதலில் ஐந்தால் பெருக்கிப் பிறகு ஒன்பதால் வகுப்பார்கள். 5/9 என்று தனியாக எழுதினால் விடை பூஜ்யம், எல்லா ஊர் வெப்பமும் பூஜ்யமாகிவிடும் என்று காரணமும் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை நானும் படித்தேன், பரீட்சையில் மார்க்கும் வாங்கினேன். மெஸ் கணக்கு போடும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

சின்ன விஷயம், லேபில் கிடக்கும் விஷயம் என்று நினைக்காதீர்கள். கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் ஒரு குறியீட்டெண்ணை 1000 என்று ஆரம்பித்தது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை அதைத் திருத்திக் கணக்கிடுவார்கள். ஒவ்வொரு முறையும் மூன்றாம் தசமத்துக்குப் பிறகு இருப்பதை, கிட்டத்தட்ட எண்ணுக்குக் கொண்டுவராமல், வெட்டி எறிந்துவிட்டார்கள். வெட்டியதெல்லாம் ஒரே பக்கம், கீழ்ப்பக்கம். 1983 நவம்பர் வாக்கில் குறியீடு 520-க்குப் பக்கத்தில் வந்து கிடந்தது. திருத்திப் போட்டபோது 1098. எங்கள் மெஸ் கணக்கேதான், கொஞ்சம் பெரிய அண்டாவில்.

என் முதல் தப்பு, அந்த 20,140, அதற்கும் அண்ணன் உண்டு. 1996 ஜூன் 4-ஆம் தேதி ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பி 40 விநாடிக்குள் வெடித்துச் சிதறியது. ஏரியான் 4-இலிருந்து எடுத்த ப்ரோக்ராமில், 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணில் அடக்கப் பார்த்தார்கள். புது ராக்கெட்டுக்கு வேகம் அதிகம். எண் அடங்கவில்லை. அந்த ப்ரோக்ராம் எழுதப்பட்டது சி மொழியில் இல்லை, ஏடா என்ற மொழியில். மொழி எதுவானாலும் பாத்திரம் சின்னதென்றால் வழியத்தான் செய்யும்.

"அப்படியானால் எல்லாவற்றையும் ஃப்ளோட்டில் போட்டுவிட்டால் தொல்லை விட்டதா?" என்றால் அதுவும் இல்லை. 0.1 என்ற எண்ணை இரண்டின் அடிமானத்தில் முழுசாக எழுத முடியாது, நாம் மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுத முடியாமல் 0.333 என்று இழுப்பதைப் போல. 0.1-ஐப் பத்து முறை கூட்டி, ஒன்றுக்குச் சமமா என்று டபுளில் கேட்டுப் பாருங்கள், இல்லை என்று சொல்லும். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு பேட்ரியாட் ஏவுகணைத் தளம், வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அதன் கடிகாரம் விநாடியைப் பத்தில் ஒரு பங்காக எண்ணி, பத்தில் ஒன்றை 24 பிட்டில் வெட்டி வைத்துப் பெருக்கியது. 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் சேர்ந்த பிழை விநாடியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். ஆகவே பணத்தைக் கணக்கிடும்போது காசாக மாற்றி முழு எண்ணிலேயே வையுங்கள். 58.32 என்று வைக்காமல் 5,832 காசு என்று வையுங்கள். மீதியையும் வாங்கி எங்கே சேர்ப்பதென்று முடிவு செய்யுங்கள். கணக்கண்ணன் செய்தது அதைத்தான்.

முதலாண்டு மாணவர்கள் அடிக்கடி விழும் வேறு சில குழிகளையும் சொல்லிவிடுகிறேன். சராசரிக்கு 70 + 71 + 73 / 3 என்று அடைப்பு இல்லாமல் எழுதினால் 165 வரும், கடைசி எண்ணை மட்டும்தான் வகுக்கும். கூட்டுத்தொகைக்கு முதலில் பூஜ்யம் வைக்காமல் கூட்ட ஆரம்பித்தால் ஏற்கெனவே அங்கே கிடந்த குப்பையோடு கூட்டும். ஐந்தின் வர்க்கத்துக்கு 5 ^ 2 என்று எழுதினால் 25 வராது, 7 வரும். சி மொழியில் அந்தக் குறி அடுக்குக்கு இல்லை, பிட்டுகளை ஒப்பிடும் வேறு வேலைக்கு. அழகுக்காக 025 என்று முன்னால் பூஜ்யம் போட்டு ப்ரோக்ராமில் எழுதினால் அதை எட்டின் அடிமானமாக எடுத்துக்கொண்டு 21 என்று படிக்கும். ஒற்றைப்படையா என்று பார்க்க, இரண்டால் வகுத்த மீதி ஒன்றா என்று கேட்டால், மைனஸ் 7 ஒற்றைப்படை இல்லை என்று சொல்லும். அதற்கு மீதி மைனஸ் ஒன்று. மீதி பூஜ்யமா இல்லையா என்று கேட்பதே பத்திரம். சில சமயம் கணக்கு சரியாக இருக்கும், அச்சிடுவதில் தப்பு இருக்கும். தசம எண்ணை முழு எண்ணுக்கான குறியால் பிரின்ட்எஃப் செய்தால் ஏதோ ஒரு எண் வரும். கணக்கைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள், அது திருந்தாது.

சரி, தப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? விடை தப்பாக வந்தால் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். இன்ட்டை ஃப்ளோட் ஆக்கு, ஃப்ளோட்டை டபுள் ஆக்கு, ஒரு அடைப்பைக் கூட்டு, ஒரு அடைப்பைக் குறை. எப்படியோ சரியாக வந்ததும் எழுந்து போய்விடுவது. இது வைத்தியம் இல்லை. எதனால் சரியானது என்று உங்களுக்கே தெரியாது.

முதலில், கையால் ஒரு கணக்கைப் போடுங்கள். அதற்கு எடுக்கும் எண்கள் மீதி விழுகிற எண்களாக இருக்கட்டும். நான் ப்ரோக்ராமை டெஸ்ட் பண்ணினேன் என்று வார்டனிடம் சொன்னது பொய்யில்லை. பத்துப் பேர், ஆயிரம் ரூபாய், விடை நூறு ரூபாய் என்று டெஸ்ட் பண்ணினேன். மீதியே விழாத கணக்கில் மீதி தொலைகிற தப்பு எப்படித் தெரியும்? ஆயிரத்தை ஏழால் வகுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பூஜ்யம், ஒன்று, எதிர்மறை எண், மிகப் பெரிய எண் இவற்றையும் கொடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு படியின் விடையையும் அச்சிடச் சொல்லுங்கள். கடைசி விடையை மட்டும் முறைத்துப் பார்த்துப் பயனில்லை. டோட்டல் என்ன, டேஸ் என்ன, வகுத்ததும் என்ன, பெருக்கியதும் என்ன. கையால் போட்ட காகிதத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டும் முதன்முதலாக எங்கே பிரிகிறதோ அங்கேதான் தப்பு. அதற்குக் கீழே இருப்பதைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, அந்த வரியில் நிற்கும் ஒவ்வொரு பெயரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். நீ முழு எண்ணா, தசமமா? உனக்குள் எவ்வளவு பிடிக்கும்? உனக்கு முதலில் யார் மதிப்புக் கொடுத்தது? பாதித் தப்பு இங்கேயே மாட்டும்.

நான்காவது, கம்பைலரின் எச்சரிக்கைகளையெல்லாம் காட்டச் சொல்லி, வருவதைப் படியுங்கள். பிரின்ட்எஃப் குறி பொருந்தாததையும், மதிப்புக் கொடுக்காமல் பயன்படுத்தியதையும் அது பெரும்பாலும் பிடித்துக் கொடுத்துவிடும். ஆனால் ஈவை மட்டும் எடுத்துக்கொண்ட வகுத்தலைப் பற்றி வழக்கமான எச்சரிக்கை எதுவும் வாய் திறக்காது. அது சட்டப்படி சரியான வரி. நீங்கள் நினைத்தது வேறு என்பது கம்பைலருக்கு எப்படித் தெரியும்?

ஐந்தாவதுதான் எனக்கு முக்கியம். டேலி. ப்ரோக்ராமின் கடைசியில், போட்ட பில்களையெல்லாம் கூட்டி, மொத்தச் செலவோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை அச்சிட ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஜூலை மாதமே என் திரையில் 1,908 என்று வந்து நின்றிருக்கும். ஈவு பெருக்கல் வகுத்தி, கூட்டல் மீதி, சமம் வகுபடும் எண். சரிபார்த்தல் என்று சொல்லி டீச்சர் நம்மைப் போட வைத்தார்களே, அது சும்மா இல்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்டவுடன் ப்ரோக்ராம் எழுதிக் கொடுக்கின்றன. நானும் அலுவலகத்தில் பயன்படுத்துகிறேன். நல்ல உதவி. ஆனால் யார் எழுதிக் கொடுத்தாலும் டேலி பார்க்க வேண்டியது நாம். பில்லின் கீழே கையெழுத்துப் போடுவது நாம்தானே.

கதையை முடிக்கவில்லையே. மறுநாள் காலை நான் வார்டன் சாரிடம் போய், தப்பு என் ப்ரோக்ராமில் என்று சொல்லி, மூன்று வகுத்தலையும் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை என்கிட்ட சொன்னா மட்டும் போதாதுப்பா. அன்னைக்குக் கமிட்டியில எத்தனை பேர் இருந்தாங்களோ அத்தனை பேர் முன்னாடியும் சொல்லணும்" என்றார். சொன்னேன். நின்று பேச எனக்குக் கால் நடுங்கியது. விடுபட்ட தொகையை அடுத்த மாத பில்லில் சேர்த்து வாங்கினார்கள். தலைக்கு நாற்பது ரூபாய் அளவுதான் வந்தது. இருநூறு பேருக்கு நாற்பது ரூபாய் என்பது ஒன்றுமில்லை. ஒரே ஆள் தலையில் விழுந்திருந்தால்?

கணக்கண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க தம்பி, இனிமே மீதியையும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்க உங்க மெஷினை" என்றார். ப்ரோக்ராமைத் தூக்கிப் போடச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன், அவர் சொல்லவில்லை. ஆனால் நான் படித்து முடிக்கும் வரை ஒவ்வொரு மாதமும் அச்சிட்ட தாளின் ஓரத்தில் பேனாவால் ஒரு வகுத்தல் போட்டு, பக்கத்தில் டிக் அடித்த பிறகுதான் அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்.

காலையில் லேபில் பார்த்த அந்த மாணவிக்கு ஒரு வார்த்தை. அம்மா, கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. கோளாறு எங்கே என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதால்தான் அங்கே சொல்லாமல் வந்தேன். இப்போது சொல்லிவிட்டேன், அடுத்த தப்பை நீங்களே தேடுங்கள்.